ஒத்ததிர்வில் எகிறும் வோல்ட்டேஜ்: வீட்டில் சுற்றும் காயில்களின் கணக்கு

1894 ஜனவரி 9 அன்று நிகோலா டெஸ்லாவுக்கு அமெரிக்காவில் 512340 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. தலைப்பு, மின்காந்தங்களுக்கான காயில், அதாவது கம்பிச் சுருள். மாறுதிசை மோட்டார், உயர் வோல்ட்டேஜில் பொறி பறக்கவிடும் டெஸ்லா காயில் என்று அவர் பெயரில் இருக்கும் பெரிய சமாச்சாரங்களுக்கு நடுவே கண்ணில் படாமலே போயிருக்க வேண்டிய சின்ன ஆவணம் அது. ஆனால் போட்டதைவிட அதிகமாக வரும் மின்சாரத்தை, அதாவது ‘இலவச மின்சாரத்தை’, வீட்டிலேயே எடுக்கப் பார்க்கிறவர்கள் இன்று ஆசையாகச் சுற்றிப் பார்க்கும் காயில் இதுதான். இரண்டு கம்பிகளை ஒட்டினாற்போல் வைத்து, ஒரே தளத்தில், நடுவிலிருந்து வெளியே விரியும் தட்டைச் சுருளாகச் சுற்ற வேண்டும். பைஃபைலர் பான்கேக் என்று அதற்குப் பெயர்.

அந்த ஆவணத்தில் டெஸ்லா ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார். 1,000 சுற்றுள்ள சாதாரணக் காயில் ஒன்று. அதன் இரு முனைகளுக்கு இடையே 100 வோல்ட். அப்படியானால் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே 0.1 வோல்ட்தான் இருக்கும். அதே 1,000 சுற்றை இரட்டைக் கம்பியாகச் சுற்றி, முதல் கம்பியின் முடிவை இரண்டாவது கம்பியின் தொடக்கத்தோடு இணைத்தால், பக்கத்துச் சுற்றுகளுக்கு இடையே 50 வோல்ட் வந்துவிடும். அதாவது 500 மடங்கு. தேங்கும் ஆற்றல் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 500-ஐ 500-ஆல் பெருக்கி 2,50,000 மடங்கு என்கிறார்.

வினையே இந்த 2,50,000-ல்தான் தொடங்குகிறது. மின்சாரம் 2,50,000 மடங்கு கூடுகிறது என்று வாசித்துவிட்டுக் கம்பி வாங்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. டெஸ்லா சொன்னது அதுவல்ல. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இயல்பாகவே இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸில் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) தேங்குகிற ஆற்றலைப் பற்றித்தான் அவர் பேசுகிறார். சாதாரணக் காயிலில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். அப்படித் தேங்குவதும் அந்த 100 வோல்ட்டைக் கொடுத்த மூலத்திலிருந்து வந்ததே.

அவர் நோக்கம் வேறு. மாறுதிசை மின்சாரத்தில் காயில்களின் தன்மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இண்டக்டன்ஸ், ‘பொய் மின்னோட்டங்களை’ உண்டாக்கி, இயந்திரங்களின் பயனைக் குறைக்கிறது என்ற குறையோடுதான் அந்தக் காப்புரிமை தொடங்குகிறது. அதைச் சரிக்கட்டக் கண்டன்சர், அதாவது கெப்பாசிட்டர், வேண்டும். அன்றைய கண்டன்சர்கள் விலை அதிகம், பராமரிப்பதும் தலைவலி. அதற்குப் பதிலாகக் காயிலே கண்டன்சர் வேலையையும் பார்த்துக்கொண்டால் நல்லது அல்லவா? இதுதான் மொத்த யோசனையும். நல்ல யோசனைதான். இலவச மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் காயிலைச் சுற்றுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது நான்கு முனைகளிடம். இரண்டு கம்பிக்கும் தலைக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு. முதல் கம்பியின் முடிவு இரண்டாவதன் தொடக்கத்தோடு சேர வேண்டும். முடிவையும் முடிவையும் முறுக்கிவிட்டால் இரண்டு கம்பியிலும் மின்னோட்டம் எதிரெதிர் திசையில் ஓடி, ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்துவிடும். அப்புறம் நீங்கள் கையில் வைத்திருப்பது காயில் அல்ல, வட்டமாக மடித்த ஒரு ரெசிஸ்டர். தூண்டல் இருக்கக் கூடாத கம்பி ரெசிஸ்டர்களை வேண்டுமென்றே இப்படித்தான் சுற்றுகிறார்கள். இண்டக்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் அளக்கும் எல்.சி. மீட்டரை வைத்தால் சட்டென்று தெரிந்துவிடும். சரியான இணைப்பில் ஒற்றைக் கம்பியின் அளவைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இண்டக்டன்ஸ் காட்டும்; தப்பான இணைப்பில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நான்கு மடங்கு என்றதும் அதிலும் அதிசயம் தேட வேண்டாம். சுற்று இரண்டு மடங்கானால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்காகும், அவ்வளவுதான்.

கம்பியும் குழாயும்

1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்ட இரும்பு வளையத்தில், சுற்றுகளுக்கு நடுவே நூலும், அடுக்குகளுக்கு நடுவே காலிக்கோ துணியும் வைத்துச் சுற்றியிருந்தார். கடையில் எனாமல் பூசிய கம்பி கிடைக்காத காலம். இன்று அதை வைண்டிங் வயர் என்று கேஜ் எண் சொல்லி, எடை போட்டு வாங்கிவிடலாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர்கள் எல்லோரும் புழங்குவது அதைத்தான். அவர்களுக்குத் தெரிந்த சில விஷயங்கள் வீட்டில் சோதனை செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. எனாமலில் நகம் அளவுக்குக் கீறல் விழுந்து இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொண்டால், அந்த ஒற்றைச் சுற்று டிரான்ஸ்பார்மரின் ஷார்ட் ஆன செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) போல வேலை செய்து காயிலையே சூடாக்கும். ஓம் மீட்டரில் இது தெரியாது. 50 ஓமில் 0.05 ஓம் குறைந்தால் யார் கவனிப்பார்கள்? முனைகளில் எனாமலைச் சுத்தமாகச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் பற்றியது போலவே தோன்றும், உள்ளே இணைப்பு இருக்காது.

தடிமன் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, தடித்த கம்பி எப்போதும் நல்லது என்று. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் வெளித்தோலில்தான் ஓடும். செம்பில் அந்தத் தோலின் ஆழம் 50 ஹெர்ட்ஸில் 9 மில்லிமீட்டருக்கு மேல். 100 கிலோஹெர்ட்ஸில் வெறும் 0.2 மில்லிமீட்டர். அதற்கு மேல் கொடுக்கிற செம்பு சும்மா எடைக்குத்தான். அதனால்தான் இந்த வேலைகளுக்கு மயிரிழைக் கம்பிகள் பலவற்றைத் தனித்தனியே எனாமல் பூசி முறுக்கிய லிட்ஸ் கம்பியைப் பயன்படுத்துகிறார்கள்.

சுற்றுவதற்கு முன்பே எத்தனை சுற்று என்று கணக்கிட முடியும். ஹரோல்ட் வீலர் 1928-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றைக்கும் போதும். ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, அதை ‘ஆரத்தின் 9 மடங்கும் நீளத்தின் 10 மடங்கும்’ சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். அங்குலத்தில் போட்டால் விடை மைக்ரோஹென்றியில் வரும். காயில் ரொம்பக் குட்டையாக இல்லாதவரை பிழை 1 சதவீதத்துக்குள் நிற்கும்.

போட்டுப் பார்ப்போம். சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, நிலையம் மாற்றத் திருகும் கேங் கண்டன்சரை 200 பிகோஃபாரட் நிலையில் வைத்தால், அந்த அலைக்கு ஒத்துப்போக 244 மைக்ரோஹென்றி வேண்டும். 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் 24-ம் கேஜ் கம்பியை நெருக்கமாக 65 சுற்று சுற்றினால் 243 வருகிறது. 13 மீட்டர் கம்பி, 4 சென்டிமீட்டர் நீளக் காயில். இதோடு ஒரு ஜெர்மேனியம் டையோடு, ஒரு கிரிஸ்டல் இயர்போன், நீளமான ஏரியல், நல்ல எர்த். நிலையம் பக்கத்தில் இருந்தால் பேட்டரியே இல்லாமல் குரல் கேட்கும்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் காயில் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். நூறாண்டுக்கும் மேலாக வேலை செய்துவரும் சாதனம், யாரும் மறைத்து வைக்கவில்லை. ஆனால் இயர்போனுக்கு வந்து சேர்வது மைக்ரோவாட் கணக்கு. அதுவும் எங்கோ ஒரு டிரான்ஸ்மிட்டர் கரண்ட் பில் கட்டி அனுப்பியது.

டியூன் செய்யும்போது நடப்பது

காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒன்றின் எதிர்ப்பை மற்றொன்று முழுக்கச் சரிக்கட்டிவிடும். அதுதான் ஒத்ததிர்வு. தனியாகக் கெப்பாசிட்டர் வைக்காவிட்டாலும் காயிலின் சுற்றுகளுக்கு இடையிலுள்ள கெப்பாசிட்டன்ஸே அந்த வேலையைச் செய்யும். டெஸ்லா காயிலின் செகண்டரி ஓடுவது அப்படித்தான்.

110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் 28-ம் கேஜ் கம்பியை 40 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்றினால் சுமார் 950 சுற்று விழும். 330 மீட்டர் கம்பி, 50 ஓம் சொச்சம் மின்தடை, 24 மில்லிஹென்றி. அதன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 7, 8 பிகோஃபாரட்தான். இந்தக் காயில் தானாக அதிரும் இடம் 375 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். இப்போது அதை அளக்க அலைவடிவம் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் புரோபை (அளவுமுனை) எடுத்து மேல் முனையில் வைக்கிறீர்கள். சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கும் ‘பத்துக்கு ஒன்று’ புரோபுக்கே 15 பிகோஃபாரட் வரை இருக்கும். காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸைப்போல் இரண்டு மடங்கு. தொட்ட கணத்தில் ஒத்ததிர்வு 220 கிலோஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும். புரோபை எடுத்தால் மறுபடி 375. கை நீட்டினாலே கொஞ்சம் நகரும். இதைத்தான் ‘காயில் என் உடலை உணர்கிறது’ என்று எழுதுகிறார்கள் சிலர். உணரத்தான் செய்கிறது, உங்கள் உடம்பும் ஒரு கெப்பாசிட்டர் தகடு என்பதால். புரோபைத் தொடவிடாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டு, அடியில் இரண்டு மூன்று சுற்று தளர்வாகப் போட்டு சிக்னல் கொடுத்து, அதிர்வெண்ணை மெதுவாக நகர்த்தி உச்சத்தைத் தேடுவதுதான் முறை.

அந்த உச்சம் வரும்போதுதான் சிக்கல். ஒரு எளிய தொடர் சுற்றை எடுத்துக்கொள்வோம். 1 மில்லிஹென்றி காயில், 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், எல்லாம் சேர்த்து 10 ஓம் மின்தடை. ஒத்ததிர்வு 159 கிலோஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் காயிலின் மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 1,000 ஓம்; கெப்பாசிட்டரின் மறுப்பும் 1,000 ஓம். எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மிச்சம் 10 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 0.1 ஆம்பியர் ஓடும். அந்த 0.1 ஆம்பியர் கெப்பாசிட்டரின் 1,000 ஓமில் பாயும்போது அதன் குறுக்கே 100 வோல்ட். கொடுத்தது 1, கிடைத்தது 100. இந்த நூறைத்தான் தரக்காரணி என்கிறோம்.

அடுத்து என்ன செய்வார்கள் தெரியுமா? 100 வோல்ட்டை 0.1 ஆம்பியரால் பெருக்குவார்கள். 10 வாட். உள்ளே போனது 1 வோல்ட்டும் 0.1 ஆம்பியரும், அதாவது 0.1 வாட். நூறு மடங்கு லாபம்! படம் எடுத்துப் போடுவார்கள்.

இரண்டு எண்களும் மீட்டரில் உண்மையாகவே தெரிந்தவைதான். பெருக்கியதில்தான் கோளாறு. கெப்பாசிட்டரில் வோல்ட்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது மின்னோட்டம் பூஜ்யம். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது வோல்ட்டேஜ் பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே 90 பாகை வேறுபாடு. மாறுதிசை மின்சாரத்தில் வாட் என்பது வோல்ட், ஆம்பியரோடு திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்குவது. இங்கே திறன் காரணி பூஜ்யம். அந்த 10 என்பது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். ஒரே நூறு ரூபாய் நோட்டை அண்ணனும் தம்பியும் நாள் முழுக்க மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கைமாற்றையும் வருமானமாக நோட்டில் எழுதினால் மாலையில் கணக்கில் ஆயிரக்கணக்கில் நிற்கும். பையில் அதே நூறுதான். காயிலும் கெப்பாசிட்டரும் தமக்குள் செய்துகொள்வது இதுதான், அந்த 0.1 வாட் மட்டும் இடைவிடாமல் மூலத்திலிருந்து வந்து, 10 ஓமில் சூடாகி வெளியேறுகிறது. வெளியே ஒரு பல்பை மாட்டி அந்த 10 ‘வாட்டை’ எடுக்கப் பார்த்தால், பல்பின் மின்தடையும் கணக்கில் சேர்ந்து தரக்காரணி விழுந்து, 100 வோல்ட் சரிந்துவிடும். சாதாரண சிக்னல் ஜெனரேட்டரின் உள்ளே இருக்கும் 50 ஓமே நூறைப் பதினேழாக்கப் போதும்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. 230 வோல்ட் வீட்டில் ஓடும் சீலிங் ஃபேனின் கெப்பாசிட்டரில் 440 வோல்ட் என்று ஏன் எழுதியிருக்கிறது? ஃபேனின் ஸ்டார்ட்டிங் காயிலும் கெப்பாசிட்டரும் தொடராக நிற்பதால் அதன் குறுக்கே வீட்டு வோல்ட்டேஜைவிட அதிகமாகவே வரும். ஃபேன் கரண்ட் உற்பத்தி செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை. கோவைப் பக்கத்து மில்களில் திறன் காரணி குறைந்தால் மின்வாரியம் அபராதம் போடும். கெப்பாசிட்டர் பேங்க் வைத்து அதைச் சரி செய்வது எலெக்ட்ரீஷியன்களின் அன்றாட வேலை. வோல்ட்-ஆம்பியருக்கும் வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குப் பணமாகத் தெரியும்.

கையிலிருக்கும் மல்ட்டிமீட்டரும் சேர்ந்து ஏமாற்றும். விலை குறைந்த மீட்டர்களின் ஏ.சி. அளவு 50 ஹெர்ட்ஸ் சைன் அலைக்காகச் செய்தது. சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதன் பேச்சை நம்ப முடியாது. துண்டு துண்டாகப் பாயும் பல்ஸ் மின்சாரத்தில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. உயர் அதிர்வெண் காயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் டெஸ்ட் லீடே ஏரியலாகி, எதிலும் தொடாமலேயே எண்கள் ஓடும்.

பெடினி மோட்டார், பேட்டரி

காயில் பித்து அதிகம் தங்கிய இன்னொரு சாதனம், அமெரிக்க ஆடியோ ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் ஜான் பெடினியின் பெயரில் ஓடும் மோட்டார். 2016-ல் அவர் இறந்த பிறகும் இதைச் செய்து பார்க்கிறவர்கள் குறையவில்லை. அழகான சாதனம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சக்கரத்தின் விளிம்பில் காந்தங்கள். பக்கத்தில் ஒரு காயில். அதில் இரண்டு கம்பிகள் சேர்த்துச் சுற்றியிருக்கும். நடுவே உள்ளகமாக வெல்டிங் ராடுத் துண்டுகள். காந்தம் உள்ளகத்தைக் கடந்து விலகத் தொடங்கும்போது மெல்லிய கம்பியில் சிறு மின்சாரம் தூண்டப்பட்டு 2என்3055 டிரான்சிஸ்டரைத் திறக்கும். தடித்த கம்பியில் பேட்டரி மின்னோட்டம் பாய்ந்து காந்தத்தைத் தள்ளும். டிரான்சிஸ்டர் மூடும் கணத்தில் காயில் ஒரு வோல்ட்டேஜ் அறை விடும். அதை டையோடு வழியாக இரண்டாவது பேட்டரிக்கு அனுப்புவார்கள். இரண்டாவது பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்த அறை டிரான்சிஸ்டரையே கொன்றுவிடும் என்பதால் குறுக்கே ஒரு சிறு நியான் விளக்கு போட்டிருப்பார்கள். அது ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டினால் வோல்ட்டேஜ் நூறை எட்டிப் பார்க்கிறது என்று பொருள்.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து நூறு, இருநூறு வோல்ட் எப்படி வந்தது? பழைய டியூப்லைட் சோக் செய்வதும் இதுதான். ஸ்டார்ட்டர் துண்டிக்கும் கணத்தில் சோக் தன் காந்தப்புலத்தில் வைத்திருந்த ஆற்றலை ஒரே அறையாக விட்டு டியூபைப் பற்றவைக்கிறது. எவ்வளவு ஆற்றல் என்பதுதான் கேள்வி. 10 மில்லிஹென்றி காயில், துண்டிக்கும்போது 1 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு அறைக்கு 5 மில்லிஜூல். சக்கரத்தில் 6 காந்தங்கள், நிமிடத்துக்கு 300 சுற்று. ஆக விநாடிக்கு 30 அறை. மொத்தம் 0.15 வாட். 12 வோல்ட் பேட்டரிக்கு அது சராசரியாக 12 மில்லிஆம்பியர். யு.பி.எஸ்.-ல் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை இந்த வேகத்தில் நிரப்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், வழியில் எதுவும் வீணாகாவிட்டால்.

ஆனால் செய்து பார்க்கிறவர் காண்பது என்ன? இரண்டாவது பேட்டரியின் வோல்ட்டேஜ் சில மணி நேரத்திலேயே 12.2-லிருந்து 12.8, 13 என்று ஏறுகிறது. முதல் பேட்டரி அதே நேரத்தில் ரொம்ப இறங்கவும் இல்லை. ‘எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம்’ என்ற முடிவு தானாக வந்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரியில் வோல்ட்டேஜ், தண்ணீர்த் தொட்டியின் அளவுக்கோல் மாதிரி நேர்மையான குறி அல்ல. கூர்மையான பல்ஸ் படும்போது தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் சார்ஜ் ஏறி வோல்ட்டேஜ் உயர்ந்து நிற்கும். லோடு மாட்டினால் சில நிமிடத்தில் வடிந்துவிடும். அதே மாதிரி, மெதுவாகக் குறையும் முதல் பேட்டரி ஓய்வில் சற்று மீண்டு, குறையாதது போலக் காட்டும். சல்ஃபேட் படிந்த பழைய பேட்டரி ஒன்று பல்ஸில் கொஞ்சம் தேறினால் கேட்கவே வேண்டாம், அற்புதம் நடந்துவிட்டது.

பேட்டரியில் என்ன இருக்கிறது என்று அறிய ஒரே வழி, அதை வெளியே எடுத்துப் பார்ப்பது. 12 வோல்ட் 5 வாட் பைக் பல்பை மாட்டி, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எத்தனை மணி நேரம் எரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 16 மணி நேரம் எரியும். இதை இரண்டு பேட்டரிக்கும், சோதனைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும். அலுப்பான வேலை. காணொளியில் இதைக் காட்டுகிறவர்கள் அரிது, ஏனென்றால் ஒருமுறை செய்தால் கதை முடிந்துவிடும்.

பெடினி மோட்டாரின் குட்டித் தம்பி என்று ஜூல் தீஃப் சுற்றைச் சொல்லலாம். 1999 நவம்பரில் ஒரு பிரிட்டிஷ் மின்னணு இதழில் வாசகர் பக்கத்தில் வந்த சுற்று. இந்தப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. எரிந்துபோன சி.எஃப்.எல். பல்பிலிருந்து எடுத்த ஃபெரைட் வளையம், இரட்டைக் கம்பியாகப் பத்துப் பதினைந்து சுற்று, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. கடிகாரம் கைவிட்ட ‘செத்த’ 1.5 வோல்ட் செல்லில் மிச்சமிருப்பதை 0.6 வோல்ட் வரை உறிஞ்சி எல்.இ.டி.யை எரிக்கும். எரியவில்லை என்றால் ஒரு கம்பியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்ற வேண்டும். பெரும்பாலும் அதுதான் பிழை. இதில் யாரும் இலவசம் பேசுவதில்லை. செல்லில் மிச்சம் இருந்தது, எடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காயில் கற்றுத்தர இதைவிட நல்ல சுற்று எனக்குத் தெரியாது.

நீதிமன்றம் வரை போன காயில்கள்

காயில் வழக்குகளில் பெரியது ஜோசப் நியூமனுடையது. அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த அவர், ராட்சதக் காயிலும் சுழலும் காந்தமும் கொண்ட தன் இயந்திரம் வாங்குவதைவிட அதிகம் தருகிறது என்றார். காப்புரிமை அலுவலகம் மறுக்க, வழக்குப் போட்டார். நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் அந்நாட்டின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 1986-ல் இயந்திரத்தைச் சோதித்தது. எல்லா நிலைகளிலும் வெளியே வந்தது உள்ளே போனதைவிடக் குறைவு. 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காப்புரிமை மறுப்பை உறுதி செய்தது.

ஒஹையோவின் ஸ்டான்லி மேயர் தண்ணீரில் ஓடும் கார் என்றவர். தண்ணீர் மின்கலத்தோடு இரட்டைக் காயில்களை ஒத்ததிர்வுக்கு டியூன் செய்தால், சொற்ப மின்சாரத்தில் தண்ணீர் பிரிந்துவிடும் என்பது அவர் சொன்ன விளக்கம். பணம் போட்ட இருவர் வழக்குத் தொடுத்தார்கள். நிபுணர்கள் பார்த்தபோது அது வழக்கமான மின்னாற்பகுப்புதான். 1996-ல் நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று சொல்லி 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. இன்னும் அவர் காயில்களைப் படம் பார்த்துச் சுற்றுகிறார்கள். டியூனிங் கிடைக்கவில்லை, அதனால்தான் ஓடவில்லை என்கிறார்கள். இந்த உலகின் வசதியே அதுதான். சரியான அதிர்வெண் எப்போதும் அடுத்த காயிலில் இருக்கும்.

இரண்டு மனிதர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்று சொல்ல மாட்டேன். நியூமன் தன் கருத்தை உண்மையாக நம்பியவராகவே தெரிகிறார். காயில் சுற்றுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம்தான். யாரையும் ஏமாற்ற நினைக்காதவர்கள், மீட்டர் ஏமாற்றுவதை அறியாதவர்கள்.

சரி, மீட்டரை நம்பாமல் எப்படி அளப்பது? சூட்டை அளக்கலாம். காயிலின் வெளியீட்டில் ஒரு பவர் ரெசிஸ்டரை மாட்டி, காப்புச் செய்த ஃப்ளாஸ்க்கில் அரை லிட்டர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். உண்மையாக 20 வாட் வந்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர் சுமார் 5.7 பாகை செல்சியஸ் ஏறியாக வேண்டும். அலைவடிவம் எப்படி இருந்தாலும், கட்ட வேறுபாடு எவ்வளவு இருந்தாலும் தண்ணீருக்கு அது தெரியாது. உள்ளே போகும் பக்கத்தில், பேட்டரிக்கும் சுற்றுக்கும் நடுவே பெரிய கெப்பாசிட்டரும் சிறு சோக்கும் வைத்து மின்னோட்டத்தைச் சமதளமாக்கிவிட்டால் சாதாரண டி.சி. மீட்டரே சரியாகக் காட்டும். எல்.இ.டி. எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்பதைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் கண்ணுக்கு அவ்வளவு குறைந்ததாகத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வந்து இந்தச் சோதனைகளுக்கு உயர் மின்னழுத்தம் எடுக்கிறார்கள். அது 2,000 வோல்ட்டை, ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தோடு தரும். டெஸ்லா காயிலின் பொறி உடம்பில் பட்டும் உயிரோடு இருக்கிறார்களே என்ற தைரியத்தில் இதைத் தொட்டவர்களில் பலர் அதைச் சொல்ல மிஞ்சியதில்லை. கெப்பாசிட்டர்களுக்குக் குறுக்கே தேங்கிய மின்சாரத்தை வடித்துவிடும் ஒரு வடிகால் ரெசிஸ்டர் எப்போதும் இருக்கட்டும்.

இன்னும் சுருக்கமான சோதனை ஒன்றும் உண்டு. சாதனம் வாங்குவதைவிட அதிகம் தருகிறது என்றால் அதன் வெளியீட்டை 12 வோல்ட்டுக்கு ஒழுங்குபடுத்தி உள்ளீட்டுக்கே திருப்பிவிடலாம். பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை 12 வோல்ட்டுக்கு ஏற்றி வையுங்கள். அதில் இருப்பது 0.72 ஜூல். 6 வாட் இழுக்கும் சாதனத்துக்கு அது ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்குக்குத்தான் காணும். பேட்டரிபோல மேற்பரப்புச் சார்ஜ், ஓய்வில் மீள்வது என்ற பெரிய விளையாட்டெல்லாம் கெப்பாசிட்டரில் இல்லை. லாபம் இருந்தால் வோல்ட்டேஜ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். பெடினி மோட்டாரில் மட்டும் சக்கரத்தின் வேகத்தில் கொஞ்சம் ஆற்றல் இருப்பதால் சில விநாடி கூடப் பிடிக்கும். அதனால் சக்கரம் முழுவதும் நிற்கும்வரை காத்திருந்து அப்புறம் மீட்டரைப் பாருங்கள்.